டெய்லர் வெட்டிய குளம்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'அரை இஞ்ச்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பார். நாற்பது வருஷம் தையல் கடை வைத்திருந்த மனிதர். யார் எதிரே வந்தாலும் நிறுத்தி, கை அரை இஞ்ச் நீளம், கழுத்து அரை இஞ்ச் இறுக்கம் என்று சொல்லாமல் விடமாட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே போய் கோட்டுத் தோள்பட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அக்கா பந்தியில் உட்காராமலே அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கடையை மூடியபோது இனி ஊர் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தோம். ஊர் நிம்மதியாகத்தான் இருந்தது, அவர் காலுக்குத்தான் நிம்மதி இல்லை. நாற்பது வருஷம் மிஷின் மிதித்த கால். சாயங்காலமானால் உள்ளங்கால் இரண்டும் திகுதிகுவென்று எரிய ஆரம்பித்துவிடும். தண்ணீரில் வைத்தால்தான் அடங்கும். வீட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பேசின், அதில் ஒரு காலுக்குத்தான் இடம். வலதை வைத்தால் இடது எரியும், இடதை வைத்தால் வலது எரியும். மாற்றி மாற்றி வைத்துக் கூடத்தையே ஈரமாக்கி அக்காவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெரிய பேசினாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பேசின் எதுக்கு மாப்ளே? குளமே வெட்டப் போறேன்," என்றார். "ரெண்டு காலையும் ஒண்ணா தண்ணியில வைக்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

சொன்னவர் ஒற்றைக் காலில் நின்றார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டாள். துணி காயப்போடும் கொடி ஒரு விரல் நகர்ந்தாலும் குளத்தை மண் போட்டு மூடிவிடுவாளாம். ஆக, குளியலறைச் சுவருக்கும் கொடிக்கும் நடுவே எட்டடிக்கு ஆறடி கிடைத்தது.

மற்றவர்கள் குளம் வெட்ட மண்வெட்டியை எடுப்பார்கள். இவர் கத்தரிக்கோலை எடுத்தார். பழைய பேப்பர்களை ஒட்டி, குளத்துக்கு ஒரு மாதிரி வெட்டி, தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். சுற்றிக் கோடு போட வேண்டுமே? டெய்லர்கள் துணியில் குறி வைக்கும் அந்தத் தேய்ந்த சோப்புத் துண்டுதான். முற்றம் முழுக்கக் குனிந்து குனிந்து சோப்பால் கோடு போட்டு முடித்தார். அக்கா ஒரு வாளித் தண்ணீரை வழக்கம்போல அங்கே கொட்டினாள். கோடு முழுக்க நுரை பொங்கிவிட்டது. இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கான்ட்ராக்டரைப் பிடிக்கும் வேலையை மச்சான் என் தலையில் கட்டினார். நான் பெயின்ட், ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவன். கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் எங்கள் கடை வாசலில்தான் நிற்பார்கள். அதனால் என் மானமும் இதில் சேர்ந்துகொண்டது.

முதலில் ஒருவரை அழைத்துப் போனேன். வெள்ளை ஷூ போட்டவர். குளத்தின் நடுவில் நீரூற்று, ஓரத்தில் வாய் பிளந்த மீன் சிலை என்று போனில் கலர் கலராகக் காட்டினார். மச்சான் போனைப் பார்க்கவே இல்லை, அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் படியிறங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"தோள்பட்டை ஒண்ணரை விரல் இறங்கிக் கிடக்கு. தன் உடம்பு அளவே தெரியாதவன் என் குளத்தை எங்க அளக்கப் போறான்?"

அது அவர் காதில் விழுந்து, இன்றுவரை எங்கள் கடைப்பக்கம் வருவதில்லை. நல்ல வாடிக்கையாளர். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது ஆள் எதைக் கேட்டாலும் பண்ணிடலாங்க என்றார். வட்டமாக வேண்டும் என்றால் பண்ணிடலாங்க. சதுரமாக என்றால் பண்ணிடலாங்க. மச்சான் குறும்பாக, மாடியில் வெட்டிக் கீழே தண்ணீர் நிற்கும்படி செய்ய முடியுமா என்றார். அதற்கும் பண்ணிடலாங்க. டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு மேஸ்திரியம்மா. ஐம்பது வயதிருக்கும். கையில் தூக்குக்குண்டு, இடுப்பில் டேப், வாயில் பேச்சே இல்லை. நிலத்தைக் காலால் இரண்டு தட்டு தட்டினார். மீன் வளர்க்கவா, குளிக்கவா, அழகுக்கா என்று கேட்டார். கால் வைக்க என்றார் மச்சான். அந்தம்மா சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும், உள்ளங்காலுக்கு மேல் மூன்று விரல் தண்ணீர் நிற்க வேண்டும், பேன்ட் நனையவே கூடாது என்று மச்சான் விளக்கினார். அப்படியானால் முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரை அளவு வேண்டும் என்றார் மேஸ்திரியம்மா. அந்தக் கணக்குக்கு ஓரத்தில் ஒரு வடிகுழாய் பதிப்பாராம். அதற்கு மேல் ஒரு சொட்டு நிற்காதாம், வெளியே ஓடிவிடுமாம். சொல்லிவிட்டு டேப்பை உருவினார்.

டேப்பைப் பார்த்ததும் மச்சான் ஓரடி பின்னால் போனார். ஒரு டெய்லரை இன்னொருவர் அளப்பதா! உள்ளே போய்க் கடையின் பழைய அளவு நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தின் தலைப்பில் 'சொந்தம்' என்று இருந்தது.

"முழங்காலுக்குக் கீழ இருபத்தோரு இஞ்ச். எழுதிக்குங்க. நாற்பது வருஷமா இந்த அளவுலதான் எனக்குப் பேன்ட் வெட்டுறேன்."

கொடிப்பக்கம் நின்ற அக்கா என்னமோ சொல்ல வந்தாள். தொழில் பேசும் இடத்தில் உனக்கென்ன வேலை என்று அவள் வாயை அடைத்துவிட்டார். அவளும் தோளைக் குலுக்கிக்கொண்டு துணியை மடிக்கப் போய்விட்டாள்.

பத்து நாள் வேலை நடந்தது. மச்சான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உயிரை வாங்கினார். ஒருநாள் சுவர் அரை இஞ்ச் சாய்ந்திருக்கிறது என்றார். மேஸ்திரியம்மா பேசாமல் தூக்குக்குண்டை அவர் கையிலேயே கொடுத்தார். பிடித்துப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "சரியாத்தான் இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

தண்ணீர் விடும் நாளில் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையிலிருந்து ஹோஸ் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் வடிகுழாயில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மச்சான் எழுந்தார். பேன்ட்டை இரண்டு மடிப்பு சுருட்டிக்கொண்டார், கரையில் உட்கார்ந்தார், கண்ணை மூடி இரண்டு காலையும் ஒன்றாகத் தொங்கவிட்டார்.

கால் தண்ணீரைத் தொடவில்லை. உள்ளங்காலுக்கும் தண்ணீருக்கும் நடுவே சரியாக ஒரு விரல் இடைவெளி.

கண்ணைத் திறந்து பார்த்தார். கட்டைவிரலை நீட்டினார். முன்னால் நகர்ந்து எட்டினார், குப்புற விழப் போனவரை நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அவர் மேஸ்திரியம்மா மேல் பாய்ந்ததும் அந்தப் பாவம் போய்விட்டது. அளவைக் கோட்டை விட்டுவிட்டீர்கள், தொழில் தெரியாமல் எதற்கு வருகிறீர்கள் என்று என்னென்னவோ பேசிவிட்டார்.

அந்தம்மா கரையிலிருந்து தண்ணீர்வரை டேப்பை இறக்கிக் காட்டினார். இருபத்தோரு இஞ்சில் மூன்று விரல் குறைச்சல். எழுதிக் கொடுத்தது கொடுத்தபடி இருந்தது.

"குளம் சரியாத்தான் இருக்கு சார். காலைத்தான் அளந்து பாக்கணும்."

"நாலு விரல் குறைச்சுக்கோம்மா," என்றாள் அக்கா, கொடிப்பக்கத்திலிருந்து. "அது இவர் அளவே இல்ல. கடை திறந்த புதுசுல நெட்டையா ஒருத்தர் பேன்ட் தைக்கக் கொடுத்துட்டு வாங்க வரவே இல்ல. இவர் எடுத்து மாட்டிக்கிட்டார். அந்த அளவையே சொந்தம்னு எழுதியும் வச்சுக்கிட்டார்."

மச்சான் தன் பேன்ட்டைக் குனிந்து பார்த்தார். கடையில் கால்பட்டி மடித்துத் தைப்பதும் பட்டன் வைப்பதும் எப்போதும் அக்கா வேலை. அவருடைய ஒவ்வொரு பேன்ட்டிலும் நாலு விரலைக் கூடுதலாக உள்ளே மடித்துத் தைத்திருக்கிறாள். நாற்பது வருஷமாக.

"ஏன் சொல்லல?" என்றார்.

"நெட்டையா இருக்கறதா நெனச்சுக்கிட்டு சந்தோஷமா நடந்துட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மேஸ்திரியம்மாவிடம் டேப்பை வாங்கினாள். மச்சான் சுவரோரம் போய் விறைப்பாக நின்றார். அளவு கொடுக்க வருபவர்களை அசையாதே, உடம்பைத் தளர்த்து என்று அதட்டியே பழகியவர். அக்கா குனிந்து டேப்பை வைத்தாள்.

"குதிகாலைக் கீழ வைங்க."

வைத்தார். பதினெட்டு. நோட்டில் அவரே அடித்துத் திருத்திக்கொண்டார். பிறகு மேஸ்திரியம்மாவின் பக்கம் திரும்பி, தப்பு என்னுதுதான், மனசுல வச்சுக்காதீங்க என்றார். அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு உளியை எடுத்தார். மச்சான் உட்காரும் இடத்தில் மட்டும் கரையை நாலு விரல் ஆழத்துக்குக் கொத்தி, பூசி, காயவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் எல்லோரும் கூடினோம். மச்சான் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து காலை இறக்கினார். இரண்டு காலும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின. மூன்று விரல். காலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மேஸ்திரியம்மா சாமான்களைப் பைக்குள் எடுத்து வைக்கும்போது மச்சான் கூப்பிட்டார்.

"பக்கத்துல இன்னொண்ணு கொத்திடுங்கம்மா. அவளுக்கு. முழங்காலுக்குக் கீழ பதினஞ்சரை."

நோட்டைத் திறக்கவில்லை, திரும்பி அக்காவின் காலைப் பார்க்கவும் இல்லை. மேஸ்திரியம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

"இது நோட்டு அளவா சார், ஆள் அளவா?"

அக்கா வந்து கரையில் உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரியம்மா டேப்பை வைத்துப் பார்த்தார். சரியாகப் பதினைந்தரை.