மணி, நிமிடம்

எங்கள் அப்பா முக்கூடலில் பிறந்தார்கள். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார்கள். அவர்களின் அக்கா, எங்கள் அத்தை, பீடி சுற்றிப் படிக்கவைத்தார்கள். அப்பா பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார்கள். கடுஞ்சொல் ஒன்றுகூட அவர்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

அறுபத்தொன்றாம் வயதில், என் பழைய லேப்டாப்பில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்கள். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, ஒற்றை விரலால் அடிப்பார்கள். விட்டுப்போன ஒரு புள்ளியைத் தேடி இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததும் உண்டு. இறந்தவர்களின் திதி இந்த ஆண்டு எந்த நாளில் வருகிறது என்று அந்த புரோகிராம் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் அதை அப்பாவிடம்தான் கேட்பார்கள்.

முதலில் அது இறந்த தேதியை மட்டும் கேட்டது. அத்தையின் கணவரான எங்கள் மாமாவின் திதியை ஒருநாள் முந்திச் சொல்லிவிட்டது. அத்தை போனில், "ஏலே தம்பி, ஒன் பொட்டிய நம்பி நேத்தே படையல் போட்டுட்டேன். மாமா இன்னைக்கு வந்து பாத்துட்டு வெறும் வயித்தோடல்லா போயிருப்பாவ" என்றார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஒரே தேதிக்குள் திதி மாறும் என்பதை விட்டுவிட்டோமே என்று வருந்தி, மேலும் நான்கு மாதம் படித்து, மணி, நிமிடம் கேட்கும் கட்டங்களைச் சேர்த்தார்கள். அவற்றை நிரப்பாமல் அது விடை சொல்லாது. பிறகு தவறியதே இல்லை.

கடைசி நாள் காலை மருத்துவமனையில் நான் மட்டும் உடனிருந்தேன். கீழே என் கைக்குழந்தை அழுவதாக என் கணவர் போன் செய்தார்கள். நான் தயங்கினேன். "பிள்ளைக்குப் பசிக்கும்ளா. போயி பாலக் குடு. பைய வா" என்றார்கள் அப்பா. குழந்தை தூங்கும்வரை கீழே இருந்தேன். இருந்திருக்கக் கூடாதோ என்னவோ. அரை மணி கழித்து மேலே வந்தபோது அப்பா இல்லை.

முதலாண்டுத் திதிக்காக அந்த புரோகிராமைத் திறந்தேன். மணி கேட்டது. சான்றிதழில் இருப்பது மருத்துவர் வந்து பார்த்த நேரம். நான் கீழே போன நேரத்தைப் போட்டால் ஒரு நாள் வருகிறது. திரும்பிய நேரத்தைப் போட்டால் மறுநாள். அந்த அரை மணிக்குள் திதி மாறியிருக்கிறது. பலமுறை போட்டுப் பார்த்தேன். அத்தை, "நீ வந்து பாத்த நேரத்தப் போடுளா. ஒந் தகப்பன் கோவிச்சுக்கிட மாட்டான்" என்றார்கள். அப்படியே இந்த நாளைக் குறித்தோம். ஆனாலும் முந்தின நாளான நேற்றும் வீட்டில் ஓர் இலை போட்டேன்.

அப்பாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் நன்றி. அடுத்த கட்டில் நோயாளியின் மனைவிக்கும் நன்றி. நான் இல்லாதபோது அப்பாவின் வாயில் தண்ணீர் விட்டது அவர்கள்தான். அவர்களுக்கு நேரம் தெரிந்திருக்கும். அன்று நான் அவர்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.