பபாவின் பலகையோடு சிட்னிக்கு

பபா, உன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை சிட்னிக்குப் போனேன். நீ செத்து ஐந்து மாதம். பார்க்கவேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்த பிரெஞ்சு மரஅச்சுப் படக் கண்காட்சி இந்த மாதம்தான் வந்தது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பபா என் தங்கை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படித்தவள். குசினி மேசையில் வைத்து, அச்செடுப்பதற்காக மரப்பலகையில் உளியால் படம் வெட்டுவாள். கடைசிப் பலகை பாதி வெட்டியபடி கிடந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் நோபல் பார்க்கில் காலை 6.40க்கு மெல்பேர்ன் நகரத்துக்கு ரயில் ஏறினேன். மெல்பேர்னிலிருந்து சிட்னி ரயில் 8.30க்கு, பதினொரு மணித்தியாலத்துக்கு மேல், எண்பது டொலர். சிட்னியில், லிட்கமில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, சனிக்கிழமை பத்து மணிக்குக் கண்காட்சிக்குப் போனேன். நுழைவு இருபத்தைந்து டொலர்.

முன்பு பிரான்சில் ஒருவர் வரைவாராம், கூலிக்கு இன்னொருவர் மரத்தில் வெட்டுவாராம். புகைப்படம் வந்து அந்த வேலை படுத்துவிட்ட பிறகு, வரைகிறவர்களே உளி பிடித்து அதைத் திரும்ப எழுப்பினார்களாம். மரத்தின் ரேகையைக்கூட அச்சில் விட்டிருக்கிறார்கள். ஒரு படத்தில் அறை முழுக்கக் கறுப்பு. ஒரு முகமும் கையும் மட்டும் வெள்ளை. வெட்டாத இடம்தான் கறுப்பாக விழுமாம்.

சனிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிவரை, நாம் கொண்டுபோகும் பலகையிலும் அச்செடுத்துத் தருகிறார்கள். அங்கே அச்செடுத்துக்கொண்டிருந்த நிர்மலா சென்னைப் பெண். பபாவின் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பலகையின் ஒரு பாதியில், கதிரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், வலது கையில் தேத்தண்ணிக் கோப்பை. யாரோ என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எதிரே மற்றப் பாதியில் உளியே படவில்லை.

"அக்கா, இந்தப் பக்கம் பென்சில் கோடு ஏதாவது இருந்துச்சா?"

எனக்குத் தெரியாது. தூசி பிடித்துக் கிடக்கிறதே என்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தவள் நான். சொன்னேன்.

"தோசைக்கல்லையும் இப்படித்தான் கழுவுவீங்களா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

கோடு இருந்திருந்தால் பபா இன்னும் வெட்ட இருந்தாள். இல்லையென்றால் படம் முடிந்தது. மை பூசிவிட்டால், தப்பிக் கிடக்கும் கோடும் மறைந்துவிடும் என்றாள் நிர்மலா. இரண்டு பேரும் தேடினோம். ஒன்றும் இல்லை. மணி 11.40, பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"பூசு பிள்ளை," என்றேன்.

தாளை வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாள். உரித்தபோது படம் இடம்வலம் மாறியிருந்தது. கோப்பை இப்போது இடது கையில். எங்கள் வீட்டில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

படத்தில் எனக்கு எதிரே, வெட்டாத பாதி, ஒரே கறுப்பு.

பலகை கொண்டுபோகிறவர்கள் பத்து மணிக்கே போய்விடுங்கள். பலகையைத் துணியில் சுற்றுங்கள், ஈரம் காட்டாதீர்கள். மை காய இரண்டு நாளாகும். திரும்பும் டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு எடுங்கள். எதையும் கழுவாதீர்கள்.

பபா, எனக்கு எதிரே உன் உருவத்தையும் வெட்ட இருந்தனியோ, இல்லாட்டி அந்த இடத்தை வேணுமெண்டே விட்டனியோ?