உப்புப் போட்ட மாவு

என் தங்கை மூன்றாவது பிரசவத்தில் இறந்தாள். பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். காரியங்கள் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, அவள் வீட்டுக்காரர் மற்ற இரண்டு குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. சின்னவன் அப்போதுதான் ஓடப் பழகியிருந்தான்.

"கொஞ்ச நாளைக்கு உங்ககிட்ட இருக்கட்டுங்க. நானு கெணத்து மேட்டுல நின்னா இதுகளை ஆரு பாக்கறது?" என்றார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி வெகு காலமாகியிருந்தது. உறவுக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. நெசவுக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போடும் பகுதியில் இருந்தார். மில்லுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முப்பதுகளின் நடுப்பகுதி அது. மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உலை வைத்து, நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசாமலே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

பெரியவள் வாய்க்கால் மண்ணைக் குழைத்து விளையாடி வளர்ந்தவள். மில் வரிசையில் அந்த மண்ணுக்கு எங்கே போவது? குழாயடியில் தேங்கிய சேற்றை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவாள். மாடு செய்வாள், ஏற்றம் செய்வாள். அவள் செய்து வைப்பதைச் சின்னவன் எடுத்துத் தின்றுவிடுவான். அந்தச் சேறு கிடைக்காவிட்டால் சுவரைச் சுரண்டுவான். ஒரே மாதத்தில் அவனுக்கு வயிறு உப்பி, முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பூச்சிக்கு மருந்து கொடுத்த டாக்டர், மண் பக்கமே குழந்தையை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு வாசலில் இருந்த சேற்றையெல்லாம் வாரிக் கொட்டி, கழுவிவிட்டேன். பெரியவள் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, வெறும் கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கையில் ஒன்றுமில்லை, விரல்கள் மட்டும் அசைந்தபடி இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறாக்க முடியவில்லை.

சேற்றுக்குப் பதிலாக மாவு பிசைந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதலில் அரிசி மாவில் பிசைந்தேன். காய்ந்து விரிசல் விட்டது. கோட்டைமேட்டு ரொட்டிக் கடையில் மைதா வாங்கிப் பிசைந்தேன். அது பிள்ளையின் விரல், பாவாடை, தலைமயிர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

"பச்சை மாவுன்னா ஒட்டத்தான் செய்யும் புள்ள. மில்லுல நாங்க கஞ்சி காச்சற மாதிரி அடுப்புல வெச்சுக் கிண்டு. வெந்துபோச்சுன்னா ஒட்டாது" என்றார்.

அப்படியே கிண்டினேன். சட்டியை விட்டு உருண்டு திரண்டு வந்தது. விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்ததும், காது மடல்போல அத்தனை மிருதுவாக ஆகிவிட்டது. ஆனால் மறுநாளே புளித்து வாடை அடித்தது. அடுத்த தடவை, ஊறுகாய்க்குப் போடுவதுபோலக் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினேன். புளிக்காமல் காத்த அந்த உப்பு இன்னொரு வேலையும் செய்தது. சின்னவன் ஒரு துண்டை வாயில் போட்டான். முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினான். மத்தியானம் மறுபடியும் வந்து போட்டுப் பார்த்தான், துப்பினான். அதன் பிறகு வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பாதி மாவில் மஞ்சள் தூளைக் கலந்தேன். வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் பக்கம் போயிருந்தபோது பீட்ரூட் வாங்கி வந்தார். அதை வேகவைத்த தண்ணீரில் மீதி மாவைக் கிண்டினேன். ஈரத் துணியில் சுற்றி மண் சட்டியில் மூடி வைத்தால் பல நாள் கெடாமல் கிடக்கும். மழைக்காலத்தில் மட்டும் உப்பு நீர் விட்டு நசநசவென்று ஆகும். இன்னும் கொஞ்சம் மைதாவைத் தூவிப் பிசைந்துகொள்வேன்.

ஒரு நாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் மஞ்சள் மாவில் ஒரு பொம்மை செய்து படுக்க வைத்திருந்தாள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது.

"இது ஆரு கண்ணு?" என்று கேட்டேன்.

"என்ற அம்மா. உள்ளார பாப்பா இருக்குது."

உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். அம்மா பழனிக்குப் போயிருக்கிறாள் என்றுதான் இருவரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவள் அந்த வயிற்றிலிருந்து கொஞ்சம் மாவைக் கிள்ளி எடுத்தாள். உருட்டித் தனியாக வைத்தாள். பிறகு கட்டைவிரலால் அந்த வயிற்றைத் தடவித் தடவி மட்டமாக்கினாள்.

"எடுத்தாச்சு. இனி அம்மாவுக்கு வலிக்காது பெரிம்மா."

தோட்டத்து வீட்டில் பிரசவம் நடந்தபோது, அடுத்த அறையில் இவள் விழித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பெரியவர்கள் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து அந்தப் பொம்மையைப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். விளையாடி முடித்த மாவை எல்லாம் உருட்டிச் சட்டியில் போடுவது வழக்கம். அந்தப் பொம்மையை மட்டும் எங்கள் இரண்டு பேராலும் தொட முடியவில்லை. காலையில் பார்த்தால் அவளே அதைப் பிசைந்து ஒரு காளையாக்கி இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவே இல்லை.

சின்னவன் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். ஆட்கள் இருக்கும்போது, "பெரிம்மான்னு சொல்லு கண்ணு" என்று திருத்துவேன். வீட்டுக்குள் திருத்தமாட்டேன். மாசியில் காரமடைத் தேருக்கு எல்லோரும் போனோம். வீட்டுக்காரர் அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். கூட்டத்தில் யாரோ ஒருவர், "பையன் அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கறானுங்க" என்றார். வீட்டுக்காரர் மறுத்துச் சொல்லவில்லை. தேர் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் அவர் நடையே வேறாக இருந்தது.

தங்கை வீட்டுக்காரர் அவ்வப்போது கடலைக்காயும் கம்பும் கொண்டுவந்து கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு முறை வந்தபோது, மறுபடியும் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்களுக்கு வருத்தமில்லை. தோட்டம் வைத்திருப்பவர், தனியாக எத்தனை நாள் இருப்பார்? அடுத்த முறை மனைவியோடு வந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவள் சின்னப் பெண். முகத்தில் கள்ளமில்லை. பெரியவள் மாவைக் காட்டியதும் என்னிடம் வந்து, "இது எப்படிங்க அக்கா பண்றது? சொல்லிக் குடுங்க, அங்க போனாக் கேப்பா" என்றாள். அடுப்பைப் பற்றவைத்துச் செய்து காட்டினேன். உப்பு எவ்வளவு, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டிய மாவை அவள் சூட்டோடு எடுத்துவிட்டுக் கையை உதறினாள். பெரியவள் அந்தக் கையைப் பிடித்து ஊதிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

தங்கை வீட்டுக்காரர் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறையும் காப்பி குடித்தார். "பையன் இங்க நல்லாத்தானுங்க இருக்கறான்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒருத்தனையாவது விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. பெற்றவரிடம் எப்படிக் கேட்பது? தாயில்லாத இரண்டையும் பிரித்தேன் என்று ஆகாதா? குழந்தை இல்லாதவள் அலைகிறாள் என்று நினைத்துவிட்டால்?

"அப்பங்கூட இருக்கறதுதானுங்களே மொறை" என்றேன்.

"ஆமாங்க" என்று அவர் எழுந்துகொண்டார்.

பஸ்ஸில் ஏற்றும்போது சின்னவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். சட்டியில் மிச்சமிருந்த மாவு வெகு நாள் அப்படியே கிடந்தது. மேலே உப்புப் பூத்து வெள்ளையாகிவிட்டது. எறும்புகூட அதை மொய்க்கவில்லை.

எங்களுக்குக் கடைசி வரை குழந்தை பிறக்கவில்லை. உலகச் சண்டைக்காலம் வந்து போனது. பெரியவளுக்குக் கல்யாணம் என்று வந்து அழைத்தார்கள். போயிருந்தோம். பந்தி நடக்கும்போது பிள்ளைகளின் சித்தி, இப்போது மூன்று பிள்ளைக்காரி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்னைக்கு உங்க ஊட்டுக்கு வாரப்பவே, சின்னவனை உங்களுக்கே உட்டுட்டு வந்தரலாம்னு பேசிட்டுத்தானுங்க வந்தோம். நீங்க கேப்பீங்கன்னு அவரு உக்காந்து உக்காந்து பாத்தாரு. நீங்க கேக்கல. நாமளா சொல்லி, நீங்க வேண்டாமுன்னுபோட்டா ரெண்டு பேருத்துக்கும் சங்கடம்னு உட்டுட்டாரு."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் என்ன என்று நினைத்திருப்பாள். பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

சின்னவன் எங்களை பஸ் ஏற்றிவிட வந்தான். தாடியும் மீசையும் அரும்பும் வயது. என் பையை வாங்கிச் சுமந்துகொண்டு வந்து, இடம் பார்த்து உட்கார வைத்தான். "பாத்துப் போங்க பெரிம்மா" என்றான். நல்ல மரியாதையான பையன். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகமில்லை; அந்த வயதில் எப்படி இருக்கும்?

பஸ் நகர்ந்த பிறகு வீட்டுக்காரரிடம் அவள் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே அப்படித்தான் பட்டுச்சு" என்றார்.

"அப்புறம் ஏனுங்க நீங்க கேக்கல?"

"நீ கேப்பீன்னு பாத்தேன்."

அவர் மடியில் தாம்பூலப் பை இருந்தது. அதிலிருந்த தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்தார்.