மூணடிக்கு ஒரு கம்பு

மரச்சீனிக் கம்பு, அதாவது நடுவதற்கான மரவள்ளித் தண்டு, விற்பவன் எந்த இனம், எவ்வளவு இடம் விட்டு நடணும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்து, விளையாவிட்டால் ஏச்சும் கேட்கணும். தொண்ணூறுகளில் பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாகக் கம்பு விற்றேன். விதையோ நாற்றோ விற்றுப் பிழைத்த உங்களுக்கு இது தெரிந்த கஷ்டம்தான்.

காலி இடம்

ஆரியங்கோட்டுத் தங்கப்பன், ரப்பர் மரங்களை முறித்த சரிவில் மரச்சீனி நட வந்தார். நனைக்க வழியில்லாத மண்; மழைதான் எல்லாம். மூணடிக்கு ஒரு கம்பு போதும் என்றேன். தலையாட்டிவிட்டு, இரண்டு மடங்கு வாங்கிப்போய் நெருக்கி நட்டார். தோட்டம் காடுபோல் நின்றது. பிடுங்கினால் ஒவ்வொரு செடி மூட்டிலும் விரல் கனத்துக் கிழங்கு; தண்டும் மெலிந்து, மறுபடி நடத் தேறாது. மறு வருஷமும் அதே அளவு கம்பு கேட்டார். ஏன் என்றேன்.

"நீரு சொன்னது செரியாக்கும். ஆனா காலி எடத்தப் பாத்தா எனக்கு ஒறக்கம் வராது."

மில்லுக்கு விளைந்தது

காரக்கோணத்து செல்வராஜ், கிழங்கு பெருக்கிற இனம்தான் வேணும் என்று நின்றார். அது மாவு மில்லுக்குத்தான் ஆகும், அவித்தால் கசக்கும் என்றேன். வீட்டுக்கென்று நாலு மூடாவது நல்ல இனம் நடச் சொன்னதையும் கேட்கவில்லை. கிழங்கு தொடைக் கனத்துக்கு விளைந்தது. அந்த நேரம் பார்த்து மில்லுக்காரர் கிழங்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்; எல்லாம் வீட்டு முற்றத்தில் குவிந்து கிடந்தது.

அடுத்த நடவுக்கு அவர் மனைவி ஓமனாவும் கூடவே வந்தாள். அவர் அப்போதும் கிழங்கின் பருமனைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவித்துத் தின்னும் இனத்தில் ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"கெழங்கு பெருசாக்கும் அண்ணே. பிள்ளையளு அதுக்க மேல ஏறி இருந்து வெளயாடுதுவ."

ரோசம்மா

ரோசம்மாவின் கணவர் தென்னையிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் கரட்டு நிலம் உண்டு. கிழங்குக்குப் பத்து மாசம் காத்திருக்க முடியாது என்று கடைக்கு வந்து சொன்னாள். ஆறு மாசத்தில் விளையும் இனத்தைக் கொடுத்து, மூணடி விட்டு நடச் சொன்னேன். இடையில் கிடந்த வெறும் மண்ணைப் பார்த்து, நிலத்தைப் பாழாக்குகிறாள் என்று பக்கத்து வீட்டார் பேசினார்களாம். அவள் அசையவில்லை.

அந்த வருஷம் மழை பாதியில் நின்றது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் தோட்டத்தை எட்டிப் பார்ப்பேன். இலை உதிர்ந்த தண்டுகள்தான் தெரியும். மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

விளைச்சல் முடிந்து ஒருநாள் வந்தாள். மூட்டுக்கு மூடு கைக் கனத்துக்குக் கிழங்கு இருந்ததாம். கணவர் வீட்டுக்கு வந்து தடி ஊன்றி நடக்கிறார் என்றாள். அடுத்த நடவுக்கு எத்தனை கட்டு எடுத்து வைக்க என்று கேட்டேன்.

"எனக்க தோட்டத்துலயே கம்பு வெட்டி வச்சிருக்கேன். இனி ஒம்மகிட்ட வாங்க வேண்டாம் அண்ணே."

சொன்னபடி நட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட, சொன்னதைக் கேட்காதவர்கள்தான் வருஷா வருஷம் வந்து என் கடையை நடத்தினார்கள்.