கட்டிலில் மிஞ்சிய நூல்

ஆரணியில் மூடிவிட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கட்டில்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வார்டில் துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மா மட்டும் இருந்தார். நீலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டில் கம்பிகளில் கட்டியிருந்த பட்டு நூல்களை பிளேடால் அறுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளையைச் சேர்க்கும்போது சொந்தத் தறியிலிருந்து ஒரு நூலைக் கொண்டுவந்து கட்டிலில் கட்டுவது எங்கள் நெசவாளர் வழக்கம். குணமானதும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

"எதுக்கும்மா அறுக்கிறீங்க? நூலோடவே விக்கலாமே?"

"இதெல்லாம் வூட்டுக்குப் போவாத புள்ளைங்களுதுங்க. இரும்புக் கடையில கால்ல மிதிபடும். நீங்க இன்னா விஷயமா வந்தீங்க?"

"கட்டில் வாங்க."

அவர் நிமிரவில்லை. "அப்டி சொல்லிகினு வந்தவங்க யாரும் கட்டில் வாங்கலைங்க. உங்களுது இன்னா கலரு?"

"அரக்கு" என்றேன். எங்கள் மகளுக்காக என் மனைவி கட்டியது.

"ஜன்னலோரம் இருக்குது. இன்னும் அறுக்கலை."

பிளேடை நீட்டினார். வாங்காமல், ஜன்னலோரம் போய் விரலால் அவிழ்க்கப் பார்த்தேன்.

"அவுராதுங்க" என்றார் பிறகு. "நானும் மொதல்ல கையாலதான் அவுத்துப் பாத்தேன்."