கடிதம் போட்டுப் போன ஆய்வு

குழு ஆய்வை மேற்பார்வை செய்வது என்பது, மூன்று பேர் தூக்க வேண்டிய அலுமாரியை ஒருவர் தூக்க, மற்ற இருவரும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு கூடவே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம்.

கண்டிக்குப் பக்கத்தில், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருஷமாக இந்த உத்தியோகத்தைப் பார்க்கிறேன். என் பாடம் விசேட கல்வி. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், கற்பதில் என்று ஏதோ ஒன்றில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்பதை, நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுப்பது என்றால் நானே மணிக்கணக்கில் பேசுவதல்ல. அவர்களைக் குழுவாகப் பிரித்து, தலைப்புக் கொடுத்து, ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, வந்த அறிக்கையை வாசித்துத் தலையில் கை வைத்துக்கொள்வது. குழு வேலையில் ஒரு தரமாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாட்டாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எல்லாருக்கும் ஓட்டிசம் வேண்டும்

தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பேன். விருப்பத்துக்கு விட்டால் பத்துக் குழுவும் ஓட்டிசம் என்ற மதியிறுக்கத்தையே எடுக்கும். போன வருஷம் 'சாதாரண பாடசாலையில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள்' என்ற சீட்டு, நான் இங்கே சொல்லப்போகிற மூவருக்கு விழுந்தது. மடவளையிலிருந்து பஸ்ஸில் வரும் ஃபஸ்மினா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த தர்ஷிகா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் கோகிலன். ஃபஸ்மினா வாயாடி, தர்ஷிகா கணக்கு, கோகிலன் மௌனம். குழுவுக்கு இதைவிட நல்ல கலவை கிடைக்காது என்று நினைத்தேன்.

சீட்டைப் பிரித்துப் பார்த்த ஃபஸ்மினாவின் முகம் வாடிப்போனது. மாற்றித் தரச் சொல்லி என் மேசைக்கே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். மழுப்பாமல் சொன்னாள்: "மெடம், ஓட்டிசம் எண்டா எல்லாமே இன்டர்நெட்ல ஈக்கிது. இதுக்கு நாங்கதானே போய்த் தேடணும்!"

சால்வை கட்டிய ஐந்து நிமிஷம்

பார்வையில்லாதவர்களின் அனுபவத்தை உணர்ந்து எழுத வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் பார்த்தார்களோ தெரியாது. ஒரு நாள் மூவரும் சால்வையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, வகுப்பறையிலிருந்து கன்டீன் வரை நடந்தார்கள். தர்ஷிகா பூச்சட்டியில் இடித்துக்கொண்டாள். ஃபஸ்மினா பியோனின் தோளைப் பிடித்துத் தூண் என்று நினைத்தாள். கோகிலன் மூன்று கோப்பைத் தேநீரையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கி, மூன்றையும் கொட்டினான். பிறகு சால்வையை அவிழ்த்துவிட்டு, பார்வையில்லாதவர்களின் வாழ்க்கை எவ்வளவு கொடுமை என்று ஆளுக்கொரு பந்தி எழுதத் தொடங்கினார்கள்.

எங்கள் கல்லூரியில் தொலைபேசி எடுப்பவர் ரஹீம் நானா. பிறவியிலிருந்தே அவருக்குப் பார்வை இல்லை. அப்போது அவர் பக்கத்து மேசையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க மூணு பேரும் இருங்க புள்ள, நான் போய் டீ எடுத்துட்டு வாறேன். நான் எடுத்தா கொட்டாது."

பூச்செண்டும் பட்டிஸும்

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. ஆய்வுக்காக எந்தப் பாடசாலைக்குப் போவதானாலும் பத்து நாளைக்கு முன்னால், மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு கடிதம் அனுப்ப வேண்டும். ஹந்தானை மலையடிவாரத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு அப்படி ஒரு கடிதம் போனது. கையெழுத்து என்னுடையது. அதிபருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று மூன்று வினாக்கொத்துகளையும் நானே வரி வரியாகத் திருத்திக் கொடுத்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள்.

மூவரும் போன இடத்தில் ராஜமரியாதை. வாசலில் பூச்செண்டு, அதிபரின் அறையில் பட்டிஸும் வாழைப்பழமும், கழுவித் துடைத்த வகுப்பறைகள். நான்காம் வகுப்பில் மட்டும், முதல் வரிசைக்கும் முன்னால், கரும்பலகையிலிருந்து இரண்டு அடியில் ஒரு கதிரை தனியாகக் கிடந்தது. அதில் யாரும் இல்லை. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அதிபர், பட்டிஸ் தட்டைத் தர்ஷிகா பக்கம் நகர்த்தியபடி பதில் சொன்னாராம்: "எங்க ஸ்கூல்ல அப்படி ஒரு குறையும் இல்ல டீச்சர், நீங்களே வந்து பார்த்துட்டீங்கதானே."

பூச்சியத்துக்கு ஒரு சரி

அறிக்கையின் முதற் பிரதி அழகாக வந்திருந்தது. அட்டவணை, வட்ட வரைபு, கலர் அட்டை எல்லாம் இருந்தன. பதினோராம் பக்கத்தில் 'பார்வைக் குறைபாடுள்ள மாணவர் எண்ணிக்கை: 0' என்று இருந்தது. எந்தக் குறைபாட்டைப் பற்றிய ஆய்வோ, அந்தக் குறைபாடுள்ள பிள்ளை ஒன்றுகூட இல்லாத ஆய்வு. எனக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. திருத்த இன்னும் ஒன்பது குழுக்களின் கட்டு மேசையில் கிடந்தது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சரி போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கோகிலன் தனியாக வந்தான். வகுப்பில் ஒரு வருஷமாகப் பத்து வசனம் பேசியிராத பையன், அன்று பதினைந்து நிமிஷம் பேசினான். பாடசாலையிலிருந்து பஸ்ஸுக்கு இறங்கி வரும் வழியில், தோட்டத் தொழிலாளர் லயத்து வாசற்படியில் ஒரு பெண் பிள்ளை புத்தகத்தை மூக்கோடு வைத்து வாசித்துக்கொண்டிருந்ததாம். பெயர் பவித்ரா, நான்காம் வகுப்பு. தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள். அதைப் போட்டாலும் அவ்வளவுதான் தெரியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்த தாய், இந்தத் தவணையோடு மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொன்னாள். போர்டும் தெரியவில்லை, ஆள் வந்தால் ஒளித்தும் வைக்கிறார்கள், அப்படி ஒரு படிப்புத் தேவையில்லை என்றாளாம். பாடசாலைக்குள்ளே நிரப்பிய வினாக்கொத்தில் இருப்பது மட்டும்தான் தரவு என்று தர்ஷிகா சொல்லிவிட்டதால், மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கோகிலனுக்கு மட்டும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஏன் ஸ்கூலுக்குப் போகவில்லை என்று இவன் கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்: "இன்னைக்கு ஆளுங்க வர்றாங்க, நீ வர வேணாம்னு டீச்சர் சொன்னாங்க. நீங்கதானா அந்த ஆளுங்க?"

மிக நன்று

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதிபர் மீது, டீச்சர் மீது, பத்து நாள் விதி மீது, வாயை மூடியிருந்த மூவர் மீது, சிவப்புப் பேனா மீது. கோபத்தில் ஒழுங்காக யோசிக்கிற ஆள் நானல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மூவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பாடசாலைக்குப் போய் நின்றேன். பூச்செண்டும் இல்லை, பட்டிஸும் இல்லை. அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

நான்காம் வகுப்பில், அந்தத் தனிக் கதிரையில் பவித்ரா இருந்தாள். எழுந்து கரும்பலகைக்குப் போய், மூக்கு முட்ட ஒரு வரியை வாசித்து, திரும்பி வந்து எழுதி, மறுபடி எழுந்து போனாள். மறைக்கிறாள் என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். ஐந்து வரி எழுதுவதற்குள் டீச்சர் பலகையை அழித்துவிட்டார். அந்த டீச்சர் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு ஆளைத் தெரிந்தது. சாந்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் இருந்தவள், என் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள்.

இடைவேளையில் அவளைத் தனியே கூப்பிட்டு, இதைத்தானா உனக்குப் படிப்பித்தேன் என்று சத்தம் போட்டேன். சாந்தி அழவில்லை, மறுக்கவும் இல்லை. பவ்வியமாக, எனக்கு நன்றாக ஞாபகம் வரும் விதமாகச் சொன்னாள்: "மெடம், ட்ரெய்னிங்ல நீங்க என்னோட பாடம் பார்க்க வந்த அன்னைக்கு, ஓடித்திரியிற பையன் ஒருத்தன பக்கத்து வகுப்புக்கு அனுப்பி வச்சேன். போன கிழமை இருந்தானே, அவன் எங்கேன்னு நீங்க கேட்டீங்க, நானும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் 'வகுப்பு முகாமைத்துவம் மிக நன்று'ன்னு எழுதினீங்க."

நாற்பத்து மூன்றாவது கேள்வி

வெட்கமாக இருந்தது. வராந்தாவில் இருந்த ஒரு வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் உட்கார்ந்துவிட்டால் குழு தானாக வேலை செய்யத் தொடங்கும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். ஃபஸ்மினா பையிலிருந்து பெரிய டிமை தாளை எடுத்து, தடித்த கறுப்புப் பேனாவால் அன்றைய பாடத்தைப் பெரிதாக எழுதினாள். எழுத்து எந்த அளவு இருந்தால் பவித்ராவுக்குத் தெரிகிறது என்று தர்ஷிகா அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொண்டாள். பலகையில் எழுதும்போதே சத்தமாக வாசித்துக்கொண்டு எழுத முடியுமா என்று கோகிலன் சாந்தியிடம் கேட்டான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்று அவள் தொடங்கினாள். பிறகு, அது கஷ்டமில்லை, செய்யலாம் என்றாள்.

திரும்பும் நேரத்தில் கோகிலன் பவித்ராவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உனக்கு என்ன செய்தால் நல்லது என்று கேட்டான். அதிபருக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நாற்பத்திரண்டு கேள்வி எழுதிய எங்களுக்கு, பிள்ளையிடம் கேட்க ஒன்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. அவள் யோசிக்கவே இல்லை. யாராவது கேட்பார்கள் என்று எவ்வளவு நாளாகக் காத்திருந்தாளோ. "இந்தக் கதிரைய அந்தப் பக்கம் போட்டா போதும் சேர். இங்கேருந்து பார்த்தா ஜன்னல் வெளிச்சம் போர்டுல அடிக்குது, எல்லாம் வெள்ளையா தெரியுது."

அதிபரின் தொலைபேசி

அன்றே கதிரை இடம் மாறியது. பவித்ரா எழுந்து நடப்பது முற்றாக நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது. அறிக்கையை என்ன செய்வது என்று மூவரும் ஒரு கிழமை சண்டை பிடித்தார்கள். கலர் அட்டை போட்டு முடித்ததைப் பிரிக்க யாருக்குத்தான் மனம் வரும். கடைசியில் அட்டையைப் பிரித்தவள் தர்ஷிகாதான். பதினோராம் பக்கத்தைத் தானே திரும்ப டைப் செய்தாள். பாடசாலையின் பெயரோ பிள்ளையின் பெயரோ இல்லை. மூன்று வரிகள் மட்டும்: கடிதம் போட்டுப் போன நாளில் இருந்தோர் 0. சொல்லாமல் போன நாளில் இருந்தோர் 1. வித்தியாசத்துக்குக் காரணம், இந்த ஆய்வு. வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன். "ஓம் மெடம், உது சரியான தரவுதான். இரண்டு தரம் பாத்துட்டன்" என்றாள்.

அறிக்கையின் ஒரு பிரதியை அதிபருக்கு அனுப்புவதும் விதிதான். அனுப்பிவிட்டுப் பயந்துகொண்டிருந்தேன். எனக்காக அல்ல, கோபத்தை அவர் அந்தப் பிள்ளை மேல் காட்டிவிடுவாரோ என்று. புதுத் தவணை தொடங்கி மூன்றாம் நாள், ரஹீம் நானா இணைப்புக் கொடுத்தார். மறுமுனையில் அதிபர். அவர் சொன்னார்: "அந்தப் பிள்ளை இந்தத் தவணையும் வருது மெடம், அம்மாவே கூட்டிட்டு வந்து விட்டாங்க. ஒன்னு மட்டும் சொல்றேன், இனிமே கடிதம் போடாதீங்க. கடிதம் வந்தா என்னால ஒழுங்கு பண்ணாம இருக்க முடியாது."

அந்த மூவருக்கும் எத்தனை புள்ளி கொடுத்தேன் என்பது கல்லூரி இரகசியம், ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் மேற்பார்வையாளருக்கும் ஒரு கட்டம் இருந்திருந்தால், பதினோராம் பக்கத்தில் நான் சரி போட்ட அந்தப் பூச்சியத்தை வீணாக்காமல் அதில் எனக்கே போட்டிருப்பேன்.