அட்டைப்பெட்டியின் பக்கவாட்டு எழுத்துகள்

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டு வந்தாள். வீட்டுப் பெரியவர் ஒருவரும் பிள்ளையும் ஜோடியாக உட்கார்ந்து விளையாடும் ஆங்கிலச் சொல் போட்டி. மூன்று எழுத்து கொடுப்பார்கள். அந்த மூன்றும் உள்ளே இருக்கிற சொற்களை ஐந்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். எழுத்துகள் ஒட்டி ஒட்டி வர வேண்டியதில்லை, சொல்லுக்குள் எங்கேயாவது இருந்தால் போதும். ஆனால் சொல் அகராதியில் இருக்க வேண்டும். படிவத்தில் தன் பெயரை எழுதிவிட்டாள். ‘உடன் வருபவர்’ என்ற கோடு மட்டும் காலியாக இருந்தது.

நான் பத்தாவதோடு நின்றவன். கோவில்பத்திலிருந்து தினமும் பைக்கில் போய், காரைக்கால் டவுனில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். பதினெட்டு வருடமாக அதே கடை. அங்கே மாத்திரைகளை ஆங்கில எழுத்து வரிசையில்தான் அடுக்கியிருப்போம். டாக்டர் கிறுக்கிய சீட்டில் மூன்று எழுத்து புரிந்தால் போதும், கை தானாகத் தட்டுக்குப் போய்விடும். அதனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு. மூன்று எழுத்தை வைத்து முழுப் பேரையும் பிடிப்பதுதானே என் பிழைப்பு?

“நான் வர்றேன், எழுதிக்க” என்றேன்.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மனைவியின் தம்பி அப்போது கூடவே உட்கார்ந்திருந்தான். ஆங்கிலம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“ஒரு வெள்ளோட்டம் பாத்துருவோம் மச்சான். இசட், ஓ, எல்” என்றான்.

இரண்டு நிமிடத்தில் ஒன்பது எழுதி நீட்டினேன். அவன் தாளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஒன்பதும் மருந்து பேரு. போட்டிக்குப் போறீங்களா, வயித்து வலிக்கு மாத்திரை வாங்கப் போறீங்களா?”

“மருந்து பேரு இங்கிலீஷ் இல்லையா?”

“அது கம்பெனிக்காரன் வச்ச பேரு மச்சான். டிக்‌ஷனரியில எங்க வரும்?”

அடுப்படியில் மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. “மாமா வரட்டுமே வாப்பா. நீங்க பாக்க வாங்க” என்றாள், மெதுவாக.

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொன்னாள், அதுதான் உறுத்தியது. போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் ஆங்கிலத்தில் பேசப் பேச நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காகவும் அவளே பதில் சொன்னாள். இதையும் விட்டுக்கொடுத்தால் இனி பள்ளி வாசலில் அவளை இறக்கிவிடுவதோடு என் வேலை முடிந்தது என்று பட்டது.

“படிவம் எப்ப குடுக்கணும்?”

“திங்கக்கெழம.”

“அந்தக் கோட்ட அப்படியே வை. ஞாயித்துக்கெழம மாமா மறுபடி பரீட்ச வைக்கட்டும். நான் தோத்தா அவர் பேர எழுதிக்க.”

மறுநாள் கடையில் ஒரு களிம்பு டப்பாவில் காலாவதித் தேதியைத் தேடினேன். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வெளிப்பூச்சுக்கு மட்டும் என்பதை ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த டப்பாவைத் தொட்டிருப்பேன். பெரிய எழுத்துப் பேரையும் தேதியையும் தவிர எதையும் படித்ததில்லை. கம்பெனிக்காரன் பேர் முகப்பில்தான். பக்கவாட்டில் இருப்பது எல்லோருடைய ஆங்கிலம்.

அன்றிலிருந்து டப்பாக்களைத் திருப்பிப் படித்தேன். புதுச் சொல் வந்தால் பழைய பில் தாளின் பின்புறம் எழுதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அகராதியில் தேடினேன். இருந்தால் ஒரு டிக், இல்லாவிட்டால் அடித்துவிடுவேன். முதலாளி இரண்டு நாள் பார்த்துவிட்டு, “என்னங்க, மாத்திரைக்கு ஜாதகம் பாக்குறீங்களா?” என்றார். சனிக்கிழமை திருநள்ளாறு போய்வந்த கூட்டம் தலைவலி மாத்திரைக்கு நெருக்கியடித்தது. அன்றைக்கும் நான்கு சொல் சேர்த்தேன்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. மச்சினன் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மகள் மடியில் தடித்த அகராதி.

“எக்ஸ், டி, ஆர்” என்றான். “பாவம்னு எல்லாம் விட மாட்டேன்.”

பேனா எடுத்ததும் கை பழைய பழக்கத்துக்கு ஒரு மருந்தின் பேரை எழுதிவிட்டது. அதை அடித்தேன். அடுத்தது வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு களிம்பு டப்பாவை மனதுக்குள் திருப்பினேன். எக்ஸ்டெர்னல். வயிற்றுக் கோளாறு பாட்டில், மிக்ஸ்சர். மூலிகை டப்பா, எக்ஸ்ட்ராக்ட். குளுக்கோஸ் பாட்டில், டெக்ஸ்ட்ரோஸ். நேரம் முடியப்போகும்போது இருமல் மருந்தின் லேபிள் வந்தது, எக்ஸ்பெக்டோரண்ட்.

மகள் ஒவ்வொன்றாகத் தேடி டிக் போட்டாள். மிக்ஸ்சருக்கு, “டீக்குக் கடிச்சுக்கிறதையும் விடலையா மச்சான்?” என்றான். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் கையை நீட்டித் தடுத்தான்.

“இது மருந்து பேரு. செல்லாது.”

“பேரு இல்ல மாப்ள. சளிய வெளியேத்துற மருந்து எதுவானாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. எந்தக் கம்பெனி பாட்டில்ல வேணாலும் பாரு.”

மகள் பக்கங்களைத் தள்ளினாள். விரல் மேலிருந்து இறங்கி ஓர் இடத்தில் நின்றது. எழுத்து எழுத்தாக என் தாளோடு ஒப்பிட்டாள்.

“இருக்கு மாமா.”

அவன் அகராதியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “வாப்பாவையே கூட்டிட்டுப் போ” என்றான்.

அவள் பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து என் பெயரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கியூ குடுத்தா என்ன செய்வீங்க வாப்பா?”

“சொட்டு மருந்துத் தட்டு இன்னும் பாக்கலம்மா.”

மறுநாள் கடை திறந்ததும் அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்கினேன்.